ஆய்வு வெளியீட்டுப் பட்டியலும் வரலாற்றுச் சான்றும்: மருந்தியல் அறிஞர் ஜேம்ஸ் பிளாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், தமிழாய்வு நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றைத் தொகுத்து 1966-ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளியிட்டார். தமிழ் பயில்வோர் அதனை ஒரு கருவி நூலாகவே பயன்படுத்தி வந்துள்ளனர். ஆயினும் நூற்பட்டியல் என்பது கருவி மட்டும் அன்று. அதுவே ஓர் ஆவணமும் ஆகும். எந்த ஆண்டில் எத்துறை செழித்தது, எப்பொழுது தளர்ந்தது, யார் யாருடன் சேர்ந்து உழைத்தனர் என்பனவற்றை அது தன்னையறியாமலே பதிவு செய்து வைக்கின்றது.

அறிவியலாளரின் ஆய்வு வெளியீட்டுப் பட்டியலும் இத்தகையதே. ஆனால் அதனைப் படிப்பதைவிட எண்ணுவதே இன்று வழக்கமாகிவிட்டது. யூஜீன் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கியதும், 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் ஓர் ஆய்வாளரின் முழு வாழ்வையும் ஒற்றை எண்ணில் அடக்கும் குறியீட்டை முன்மொழிந்ததும் இவ்வழக்கத்திற்கு வலிமை சேர்த்தன. பணி உயர்வுக்கான படிவத்தை நிரப்பிய விரிவுரையாளர் எவரும் இதனை அறிவர். அவ்வகை எண்ணிக்கை எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்பதை ஒரு தனி மனிதரின் பட்டியலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்பவர் சர் ஜேம்ஸ் பிளாக் (1924–2010). மருந்து ஏற்பிகள் பற்றிய ஆய்வில் இருபதாம் நூற்றாண்டின் முதன்மையாளர்களுள் ஒருவர். 1988-இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசைக் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர். இந்திய இயல் சார்ந்த இதழில் இவருக்கு இடம் ஏன் என்னும் வினா எழக்கூடும். 1947 முதல் 1950 வரை அவர் ஆசிரியராக இருந்தது சிங்கப்பூரில். அவர் பணியாற்றிய மருத்துவக் கல்லூரி 1949-இல் ராஃபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அப்பல்கலைக்கழகத்திலேயே 1956-இல் இந்திய இயல் துறை தோற்றம் கண்டது. எனவே அவர் நம் கல்வி மரபின் தொடக்கக் காலத்து ஆசிரியர்களுள் ஒருவர் எனக் கொள்வது பொருந்தும்.

சிங்கப்பூர் ஆண்டுகள்

ஸ்காட்லாந்தில் பிறந்த பிளாக், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1946-இல் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்ப்பதைவிட உடலியங்கியல் துறையே அவரை ஈர்த்தது. பேராசிரியர் கேரியின் துறையில் ஓராண்டு உதவியாளராக இருந்தார். ஆயினும் கல்விக் கடன் அவரை அழுத்தியது. அதனை அடைப்பதற்காகவே கடல் கடந்து சிங்கப்பூர் வந்தார். ஆய்வு வேட்கை அன்று, கடன்தான் அவரைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தது என்பதை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியுள்ளார். கூலிக்காக வந்தோரும் கடனுக்காக வந்தோருமாகவே இந்நிலத்தில் சமூகம் உருவான வரலாற்றை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

அவர் சேர்ந்த ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரிக்கு அப்பொழுதே நாற்பதாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருந்தது. டான் ஜியாக் கிம் தலைமையில் சீன, பிற சமூகத் தலைவர்கள் அரசிடம் விண்ணப்பித்து, 87,077 வெள்ளி நிதி திரட்டியதன் பயனாக 1905-இல் 23 மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி அது. கல்லூரி அமைந்த பகுதிக்குச் 'சிப்பாய் லைன்ஸ்' என்று பெயர். இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு இருந்தமையால் வந்த பெயர். 1926-இல் கட்டப்பட்ட கல்லூரிக் கட்டடம் இன்றும் சிங்கப்பூர் சுகாதார அமைச்சின் அலுவலகமாக நிலைத்து நிற்கின்றது.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் முடங்கிய கல்லூரி 1946-இல்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 1947-இல் கார்-சாண்டர்ஸ் ஆணையம் மலாயாவில் பல்கலைக்கழகம் அமைப்பது பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. அதே ஆண்டில் அக்கல்லூரிக்கு மாணவராக வந்தவர்களுள் பின்னாளில் மலேசியாவின் பிரதமரான மகாதீர் முகம்மதுவும் ஒருவர். போரினால் படிப்பை இழந்திருந்த ஒரு தலைமுறைக்கு உடலியங்கியல் கற்பிப்பதே இருபத்து மூன்று வயது விரிவுரையாளரான பிளாக்கின் கடமையாக இருந்தது. மூன்று ஆண்டு அப்பணியில் கழிந்தது. அவரை உலகறியச் செய்த கட்டுரைகள் எவையும் இங்கு எழுதப்பட்டவை அல்ல.

எண்ணுவோர் கண்ணுக்கு இம்மூன்று ஆண்டுகளின் மதிப்பு மிகக் குறைவு. ஒரு பாடத்தை முதன்முறையாகப் பிறருக்கு விளக்கப் புகும் ஆசிரியர், தாம் அறிந்ததாகக் கருதியவற்றையெல்லாம் மீண்டும் அடியிலிருந்து கற்க நேர்வதை ஆசிரியப் பணியில் உள்ள நாம் நன்கு அறிவோம். அக்கற்றல் பட்டியலில் ஏறுவதில்லை. 1950-இல் கைவசம் வேலை ஏதுமின்றி அவர் இலண்டனுக்குக் கப்பலேறினார். பழைய ஆசிரியர் கேரி உதவியதால் கிளாஸ்கோ கால்நடை மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் துறையைப் புதிதாகக் கட்டியெழுப்பும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கும் எட்டாண்டு ஆசிரியப் பணியே.

ஏற்பி என்னும் கருத்தும் சொல்லும்

பிளாக்கின் பணியை விளங்கிக்கொள்ள 'ஏற்பி' என்னும் கருத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். மருந்து உடலெங்கும் பரவினும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை; உயிரணுவில் அதற்கெனப் பொருந்தும் இடம் இருந்தால் மட்டுமே செயற்படுகின்றது. அவ்விடமே ஏற்பி. ஜெர்மனியில் பால் எர்லிக்கும், கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருத்தை வெவ்வேறு வழியில் அடைந்தனர். லாங்லி 'ஏற்கும் பொருள்' என்று எழுதியது 1905-இல், அதாவது சிங்கப்பூர் மருத்துவப் பள்ளி தொடங்கிய அதே ஆண்டில். ஏற்பியில் பொருந்தி அதனை இயக்கும் பொருளைத் 'தூண்டி' என்றும், பொருந்தியும் இயக்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் பொருளைத் 'தடுப்பான்' என்றும் இக்கட்டுரையில் குறிக்கின்றோம்.

தமிழில் இதற்கு ஒரே சொல் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஏற்பி' என்பதை ஆள, இலங்கை உயிரியல் பாடநூல்கள் 'வாங்கி' என்கின்றன. மலேசிய, சிங்கப்பூர் ஆசிரியர்கள் இரண்டையும் காண நேர்வதால் மாணவர் இரண்டையும் வெவ்வேறு பொருளாகக் கருதிவிடுவதுண்டு. 'வாங்கி' எளிமையானது, எனினும் ஏற்றுக்கொள்ளுதல், பொருந்துதல் ஆகிய இரு நிழல்களையும் 'ஏற்பி' தாங்குவதால் அதனையே விரும்புகின்றோம்.

கருத்து பழையதாயினும் ஏற்பியைக் கண்ணால் கண்டார் எவரும் இலர். ஆதலால் அதன் இருப்பை ஐயுற்றோர் நீண்ட காலம் இருந்தனர். ஒரு தடுப்பானின் வலிமையை அளந்து, அதன்வழி ஏற்பியின் இயல்பை ஊகிக்கும் கணக்கு முறை உருவாகியபோதே நிலைமை மாறியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹைன்ஸ் ஷில்டு 1947-இல் இதற்கான அளவுகோலை முன்வைத்தார். 1959-இல் அவரும் தாய்லாந்து ஆய்வாளர் ஓ. அருண்லக்‌ஷணாவும் இணைந்து எழுதிய கட்டுரை அம்முறைக்கு முழு வடிவம் தந்தது. மருந்தியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. அருண, லட்சண என்னும் வடசொற்கள் தாய்லாந்து வழியாக ஆங்கிலேய மருந்தியலுக்குள் புகுந்த கதையாகவும் இதனைக் கொள்ளலாம். அம்முறையால் கிடைக்கும் வரைபடத்தை ஆய்வுலகம் 'ஷில்டு வரைபடம்' என்றே அழைக்கின்றது. இணைந்து எழுதியவரின் பெயர் அவ்வழக்கில் நிற்கவில்லை.

இதயத்திலிருந்து தொடங்கிய பட்டியல்

1948-இல் பிளாக் சிங்கப்பூரில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அட்ரினலினும் அதனை ஒத்த பொருள்களும் உறுப்புக்கு உறுப்பு வேறுபட்ட வரிசையில் செயற்படுவதைக் கண்டு, ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு என்றார். முதலில் அனுப்பிய இதழ் அதனை ஏற்க மறுத்தது. வேறோர் இதழ் வெளியிட்டது. வெளிவந்த பின்னும் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. பிளாக் அதனை அறிந்தது மூலக் கட்டுரையின் வழியன்று. 1954-இல் வெளிவந்த மருந்தியல் பாடநூல் ஒன்றில் ஆல்குவிஸ்ட் எழுதியிருந்த இயலைப் படித்தே அவர் அக்கருத்தைப் பற்றிக்கொண்டார். பாடநூல் எழுதுவதை ஆய்வாகக் கணக்கில் கொள்ளாதோர் இச்செய்தியைக் கருதிப் பார்த்தல் நலம்.

இதய வலிக்கு அக்காலத்து மருத்துவர் இரத்தக் குழாயை விரித்து உயிர்வளி வரவைப் பெருக்க முயன்றனர். பிளாக் வினாவையே திருப்பிப் போட்டார். வரவைப் பெருக்க இயலாவிடின் செலவைக் குறைத்தால் என்ன? அட்ரினலின் இதயத்தை விரட்டும் பீட்டா ஏற்பியை அடைத்துவிட்டால் இதயத்தின் தேவை குறையும். இக்கருத்துடன் 1958-இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1962-இல் ஸ்டீபன்சனுடன் இணைந்து புரோனெத்தலோல் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். எலிகளில் கட்டிகளைத் தோற்றுவித்ததால் அம்மருந்து கைவிடப்பட்டது. 1964-இல் அதே இதழில் வெளிவந்த கட்டுரை புரோப்ரனலோலை அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட இன்றியமையா மருந்துகளின் முதற்பட்டியலிலேயே அது இடம் பெற்றது. இரத்த அழுத்த நோயாளிகள் பலரும் 'பீட்டா தடுப்பான்' என அறிந்துள்ள மருந்து வகையின் முன்னோடி அதுவே.

ஹிஸ்டமின்: அழற்சியிலிருந்து இரைப்பைக்கு

நாம் சிறப்பாக நோக்க விரும்புவது இதன் பின் வந்த பகுதியையே. 1964-இல் பிளாக் ஐ.சி.ஐ.யை விட்டு விலகி, வெல்வின் கார்டன் நகரிலிருந்த ஸ்மித் கிளைன் அண்டு ஃபிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இதயத்தில் வெற்றி கண்டவர் ஏன் இரைப்பைக்கு மாறினார்? பட்டியலை எண்ணாமல் படித்தால் விடை கிடைக்கின்றது. கிளாஸ்கோவில் இருந்தபொழுதே ஃபிஷர், ஆடம் ஸ்மித் ஆகியோருடன் இணைந்து இரைப்பைச் சுரப்பு பற்றி 1958-இல் 'உடலியங்கியல் இதழில்' ஒரு கட்டுரை எழுதியுள்ளார். பீட்டா தடுப்பானுக்கு முற்பட்ட அச்சிறு கட்டுரையைப் பலர் கடந்துபோய்விடுவர். 1964-இல் அவர் புதிய துறைக்குத் தாவவில்லை, பழைய வினாவுக்குப் புதிய கருவியுடன் திரும்பினார் என்பதற்கு அதுவே சான்று.

அவ்வினாவின் நடுவில் இருந்தது ஹிஸ்டமின். ஹென்றி டேலும் லெயிட்லாவும் 1910-இல் இதன் செயல்களை முதலில் விரிவாக ஆராய்ந்தனர். இதன் பெயர் அழற்சியுடன் பிணைந்தது. தோலைக் கீறினால் முதலில் சிவந்த கோடும், பின்னர்ச் சுற்றிலும் சிவப்பும், இறுதியில் வீக்கமும் தோன்றுவதை இலண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1920-களில் நுணுகி ஆராய்ந்து, ஹிஸ்டமின் போன்றதொரு பொருள் தோலில் வெளிப்படுவதே இதற்குக் காரணம் என்றார். கொசு கடித்த இடத்தில் தடிப்பதும், ஒவ்வாத உணவால் உடல் தடிப்பதும் இதன் வேலையே. 1937-இல் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துக்கு வழி திறந்தனர். 1940-களில் மெப்பிரமின் போன்ற மருந்துகள் புழக்கத்திற்கு வந்தன. இன்று மருந்தகத்தில் ஒவ்வாமைக்கு வாங்கும் மாத்திரைகள் அவ்வழியில் வந்தவையே.

ஆனால் ஒரு முரண் எஞ்சியது. ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தையும் சுரக்கச் செய்கின்றது. போலந்தைச் சேர்ந்த போபியல்ஸ்கி 1920-இலேயே இதனை வெளியிட்டிருந்தார். மெப்பிரமினோ தடிப்பையும் அரிப்பையும் தடுக்கின்றது, அமிலச் சுரப்பைத் தடுப்பதில்லை. 1948-இல் ஸ்வீடனின் ஃபோல்கோவும் அவர்தம் குழுவினரும் இரத்தக் குழாய்களில் நடத்திய ஆய்வின் முடிவாக ஹிஸ்டமினுக்கு இருவகை ஏற்பிகள் இருக்கலாம் என்று சுட்டினர். 1966-இல் ஆஷும் ஷில்டும் மெப்பிரமினுக்குப் பணியும் ஏற்பிக்கு 'எச்1' என்று பெயரிட்டனர். மற்றதற்கு அவர்கள் பெயரிடவில்லை. அதனை அடைக்கும் பொருள் ஒன்று கிடைக்காமல் அதற்குப் பெயரிடுதல் முறையாகாது என்பது அவர்தம் அடக்கம்.

அப்பொருளைத் தேடியே பிளாக்கும் அவர்தம் குழுவினரும் ஆண்டுகளைச் செலவிட்டனர். வேதியியல் அறிஞர் ராபின் கனெலின், கிரஹாம் டியூரண்ட், உயிரியல் ஆய்வாளர் மைக்கேல் பார்சன்ஸ், வில்லியம் டங்கன் ஆகியோர் உடனிருந்தனர். ஹிஸ்டமினின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஏற்பியில் பொருந்தும் ஆனால் இயக்காத ஒரு வடிவத்தை அடைவதே திட்டம். முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 சேர்மங்கள் செய்யப்பட்டன. ஒன்றும் பலிக்கவில்லை. தொடக்கத்திலேயே செய்து ஒதுக்கப்பட்ட குவானில் ஹிஸ்டமின் என்னும் சேர்மத்தைச் சோதனை முறையை மாற்றி மீண்டும் பார்த்தபொழுதே திருப்பம் நேர்ந்தது. அது அமிலச் சுரப்பைத் தானே சற்றுத் தூண்டியதால் அதன் தடுக்கும் இயல்பு முன்னர் மறைந்திருந்தது. அரைகுறைத் தூண்டி அரைகுறைத் தடுப்பானாகவும் இருக்கும். இவ்வுண்மை புலப்பட்டதும் வழி திறந்தது; அதனை நீட்டியும் மாற்றியும் புரிமாமைடு என்னும் சேர்மத்தை எட்டினர்.

1972 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளிவந்தது. ஆறு பக்க அளவிலான அக்கட்டுரை எச்2 ஏற்பிக்குப் பெயரும் இலக்கணமும் வகுத்தது. எட்டாண்டு உழைப்பின் முதல் முழு அறிவிப்பு அது. இடைப்பட்ட காலத்து 200 தோல்விகளுக்குப் பட்டியலில் வரியில்லை. சோழர் மெய்க்கீர்த்திகளைப் பயின்றோர் இத்தகைய மௌனத்தை எதிர்கொண்டிருப்பர். மன்னன் வென்ற நாடுகளை மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்தும். பின்வாங்கிய படையெடுப்பைக் கூறாது. அதற்காகக் கல்வெட்டாய்வாளர் அதனைப் புறக்கணிப்பதில்லை. ஆட்சியாண்டு, இடம், உடன் குறிக்கப்பெறும் அதிகாரிகளின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு, சொல்லாததையும் மீட்டெடுக்கின்றனர். ஆய்வுப் பட்டியலையும் அவ்வாறே அணுகலாம் என்பது நம் கருத்து.

பெயர் வரிசையிலிருந்தே தொடங்குவோம். 1972-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்கள் பிளாக், டங்கன், டியூரண்ட், கனெலின், பார்சன்ஸ். இது ஆங்கில அகர வரிசை. அடுத்த ஆண்டு மெத்தியமைடு பற்றி எழுவர் இணைந்து எழுதிய கட்டுரையிலும் அதே வரிசை முறை. 1964-இல் புரோப்ரனலோலை அறிவித்த கட்டுரையில் ஐ.சி.ஐ. குழுவினர் நால்வரும் அகர வரிசையில் வர, மருத்துவமனையைச் சேர்ந்த டார்ன்ஹார்ஸ்ட் மட்டும் இறுதியில் தனியே நிற்கின்றார். முதலாசிரியருக்கு இத்தனை மதிப்பெண், மற்றவருக்கு இத்தனை எனக் கணக்கிடும் முறை இங்குப் பொருளற்றுப் போகின்றது. 'பி' என்னும் எழுத்தில் பெயர் தொடங்கியதால் பிளாக் முதலில் நிற்கின்றார். குழுவினர் தம்மை நிரல்படுத்திக்கொள்ள விரும்பவில்லை என்பதே இதில் நாம் காணும் செய்தி. மாறாக, 1972-இன் இறுதியில் புரிமாமைடு மனிதரில் செயற்படும் விதத்தை 'லான்செட்' இதழில் அறிவித்த கட்டுரையில் மருத்துவர் வைலி முதலிலும் பிளாக் கடைசியிலும் வருகின்றனர். மனித உடலில் நடந்த சோதனைக்கு மருத்துவரே முன்னிற்க வேண்டும் என்னும் முறை அதில் தெரிகின்றது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. புரிமாமைடை வாய்வழி உட்கொண்டால் போதிய பயன் இல்லை. மெத்தியமைடு அக்குறையைத் தீர்த்தது. எனினும் நோயாளிகள் சிலருக்கு வெள்ளணுக்கள் அபாய அளவில் குறைந்தன. அதிலிருந்த தயோயூரியா என்னும் பகுதியை மாற்றிச் செய்ததே சிமெடிடின். 1976-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் 'டாகமெட்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அறுவை மேசைக்குச் செல்ல வேண்டியிருந்த இரைப்பைப் புண் நோயாளிகள் மாத்திரையுடன் வீடு திரும்பினர். ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரை எட்டிய முதல் மருந்தாக அது பேசப்பட்டது. நோபெல் பரிசுடன் சேர்த்து நினைக்கப்படுவதும் அம்மருந்தே. ஆனால் 1975-இல் சிமெடிடினை அறிவித்த கட்டுரையின் ஆசிரியர்கள் பிரிம்பிள்கோம், டங்கன், டியூரண்ட், எமெட், கனெலின், பார்சன்ஸ் ஆகிய அறுவர். பிளாக்கின் பெயர் அங்கில்லை. 1973-இலேயே அவர் அந்நிறுவனத்தை விட்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியராகிவிட்டார்.

வெறும் எண்ணிக்கையாளர் இதனை எவ்வாறு கணக்கிடுவார்? கட்டுரையில் பெயரில்லை என்பதால் பங்கில்லை என்பாரா? மறுபுறம், 'சிமெடிடினைக் கண்டுபிடித்தவர் பிளாக்' என்று பொது நூல்கள் எழுதுவதும் டியூரண்ட், எமெட், கனெலின் ஆகிய வேதியியலாரின் உழைப்பை மறைப்பதே. வழியை வகுத்தவர் ஒருவர், பொருளைச் செய்தவர் வேறு சிலர். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் நேர்கின்றது.

வேனின் தனிக்கட்டுரையும் பிளாக்கின் கணிதமும்

அழற்சி ஆய்வில் அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு பட்டியலுடன் இதனை ஒப்பிடுதல் தகும். 1971-இல் ஜான் வேன் 'நேச்சர் நியூ பயாலஜி' இதழில் தனியொருவராக எழுதிய கட்டுரையில், ஆஸ்பிரின் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதாலேயே வலியையும் அழற்சியையும் தணிக்கின்றது என்று நிறுவினார். இங்கு மருந்து ஏற்பியை அடைக்கவில்லை. அழற்சிப் பொருளைச் செய்யும் நொதியையே முடக்குகின்றது. அதே இதழில் அடுத்தடுத்து வந்த இரு கட்டுரைகளில் ஒன்று ஸ்மித், வில்லிஸ் ஆகியோருடையது. மற்றது ஃபெரேரா, மொன்கடா ஆகியோருடன் வேன் எழுதியது. மூன்றும் சேர்ந்தே முடிவை உறுதிசெய்தன. வேன் 1982-இல் நோபெல் பரிசு பெற்றார். 1978 முதல் சில ஆண்டுகள் இருவரும் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் ஒன்றாகப் பணியாற்றினர்.

வெல்கம் காலத்தில் பிளாக்கின் பட்டியல் வேறு திசையில் திரும்புகின்றது. 1983-இல் பால் லெஃப்புடன் எழுதிய கட்டுரை எந்த மருந்தையும் அறிவிக்கவில்லை. தூண்டி ஏற்பியில் பொருந்துவதற்கும் திசு எதிர்வினையாற்றுவதற்கும் இடையிலுள்ள உறவைக் கணித வடிவில் விளக்குவது அது. அரசக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளிவந்த அக்கட்டுரை நோயாளிக்கு நேரடியாகப் பயன்படாதது. எனினும் மருந்துகளின் செயல்திறனை ஒப்பிடுவோர் இன்றும் அம்மாதிரியையே கையாளுகின்றனர். அவருடைய பணிகளுள் மிக நீண்ட ஆயுள் பெறப்போவது இதுவாக இருக்கலாம் என்று நாம் கருதுகின்றோம். மருந்துகளுக்குக் காலவரம்பு உண்டன்றோ? இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரே காரணம் என ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980-களில் காட்டிய பின்னர் சிகிச்சை முறையே மாறிவிட்டது. 2005-இல் அவர்களுக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சிமெடிடினை விற்பனையில் வென்ற ரானிடிடின் மாசுப் பொருள் காரணமாக 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மீண்டும் அழற்சிக்கு

பட்டியலில் பதிந்த கட்டுரை அந்த ஆண்டோடு முடிந்துவிடுவதில்லை. 1983-இல் பாரிஸைச் சேர்ந்த அராங், கார்பார்க், ஷ்வார்ட்ஸ் ஆகியோர் மூளையில் எச்3 என்னும் மூன்றாவது ஹிஸ்டமின் ஏற்பியை அறிவித்தனர். வாய்வழிப் பயன்படாது எனக் கைவிடப்பட்ட புரிமாமைடு அவ்வேற்பியை எச்2-ஐவிட வலிமையாகத் தடுப்பது அப்பொழுது தெரியவந்தது. எச்3 ஏற்பியைக் குறிவைக்கும் பிட்டோலிசண்ட் என்னும் மருந்து, அடக்கவியலாத உறக்க நோய்க்காக 2016-இல் ஐரோப்பாவிலும் 2019-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

2000-ஆம் ஆண்டையொட்டிப் பல குழுக்கள் நான்காவது ஏற்பியான எச்4-ஐ மரபணுவழி இனங்கண்டன. இது இரைப்பையிலோ மூளையிலோ அன்றி, ஈசினோஃபில், மாஸ்ட் அணு முதலான நோயெதிர்ப்பு அணுக்களில் சிறப்பாக அமைந்துள்ளது. இதயத்திலும் இரைப்பையிலும் சுற்றிவந்த ஹிஸ்டமின் ஆய்வு, டேலும் லூயிஸும் கண்ட அழற்சிக்கே மீண்டது. இவ்வேற்பியை ஆராய்வதற்கு அதனைத் தனித்துத் தூண்டும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. 2005-இல் லிம் என்பவரை முதலாசிரியராகக் கொண்ட குழுவினர் பழைய சேர்மங்களையெல்லாம் எடுத்துச் சோதித்தனர். அவற்றுள் எச்4 ஏற்பியை வலிமையாகவும் தெரிவாகவும் தூண்டியது 4-மெத்தில் ஹிஸ்டமின். 1972-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எச்2 ஏற்பியை எச்1-இலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு பிளாக்கும் உடனிருந்தோரும் பயன்படுத்திய அதே பொருள் அது. அழற்சி ஆய்வுக்கூடங்கள் இன்று அதனை எச்4 ஆய்வுக் கருவியாக வாங்கிப் பயன்படுத்துகின்றன.